கட்டிலடி பூட்ஸ்

தை பிறந்தும் அந்தமானின் மாயாபந்தரில் மழை விடவில்லை. நாளை காஷ்மீருக்குக் கிளம்பும் கௌதம், கூடத்தில் பனிச்சறுக்குப் பலகையைக் கிடத்தி அதன்மேல் ஏறி நிற்கிறான். மலையேற இரண்டாகப் பிரியும், சறுக்கி இறங்க ஒன்றாகச் சேரும் பலகை அது. விரலை நெரித்த புது பூட்ஸ் மூலையில் கிடக்கிறது. காலில் இருப்பது மூன்று மழைக்காலம் கட்டிலுக்கடியில் கிடந்த பழசு. பூசணத்தைத் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி மினுக்கியிருக்கிறான். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பட்டையை இழுக்கிறான். பட்டையின் பற்கள் கறகறவென்று இறுகுகின்றன. “பக்கா ஃபிட்டு, அகிலா! இதுதான்.” பட்டையைத் தளர்த்தி இறங்கி, ஜன்னல்வரை நடந்து திரும்புகிறான். சாம்பல் வெளிச்சத்தில், நடந்த வழியெல்லாம் கறுப்புப் பொடி. மனைவி அகிலா துடைப்பத்தோடு குனிகிறாள். “என்னங்க, இவ்ளோ மண்ணு?” “அரே, பழைய மண்ணா இருக்கும், விடு.” அவள் ஒரு துணுக்கை எடுத்து நசுக்குகிறாள். அது ரப்பராக இழுபட்டு விரலில் ஒட்டுகிறது. “கால்ல போட்டிருக்கிற பூட்ஸுக்கு அடியில பாருங்களேன்.” அவன் புது பூட்ஸைப் பெட்டிக்குள் போட்டுப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறான். அவள் வாசல்வரை பெருக்கித் தள்ளுகிறாள். மழைநீர் பொடியை வாரிக்கொண்டு போகிறது. பெருக்கிய தரையில் அவன் மறுபடி நடந்து வருகிறான். பூட்ஸின் அடி மறுபடி உதிர்கிறது.