எழுந்திரு, கசில்தா!

"எழுந்திரு, கசில்தா! இன்னும் என்ன கொறிச்சிட்டிருக்க? நேரம் ஓடுது!"

எவரிஸ்தோ போட்ட சத்தத்தில் பாரில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி கசில்தா, கத்திரிக்காய் வறுவலை வாயருகே பிடித்தபடி முறைத்தார்.

வழிகாட்டி அம்பாரோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பெயினின் கிரனடா நகரைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. எத்தனையோ சிடுமூஞ்சிகளைப் பார்த்தவள். கட்டியவளை ஒரு வாய் நிம்மதியாகத் தின்ன விடாத மனுஷனை இன்றுதான் பார்க்கிறாள்.

கசில்தாவுக்கு ஒரே ஒரு ஆசை. மேட்டுத் தெருக்களில் நடந்தே ஏறி, உச்சியில் சான் நிக்கோலாஸ் தேவாலய முற்றத்தில் நின்று, எதிரே அந்தி வெயிலில் அல்ஹம்ப்ரா கோட்டை சிவப்பதைப் பார்க்க வேண்டும். நாளைக் காலையில் ஊர் திரும்ப ரயில். இன்று விட்டால் போச்சு.

"சூரியன் உனக்காகக் காத்துட்டிருக்குமா? கிளம்பு!"

"நீங்க போங்க. நான் இன்னொரு கிளாஸ் திராட்சைச் சாறு சொல்லப் போறேன். நம்ம ஊர்ல தபாஸ்னு இந்தக் கொறிக்கிற தட்டுக்குத் தனியா தண்டம் அழணும். இங்க ஒவ்வொரு கிளாஸோடயும் ஒரு தட்டு சும்மா வருது. அடுத்தது என்ன வருதுன்னு பாக்காம எழுந்திருக்கிறதா?"

வறுத்த நெத்திலி வந்தது. கசில்தா வாலைப் பிடித்து ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே மெதுவாகத் தின்றார். எவரிஸ்தோ வாசலுக்கும் மேசைக்குமாக நடையாய் நடந்தார்.

ஒருவழியாகக் கிளம்பி நடந்தார்கள். தாரோ ஆற்றோரம் பழைய அரபுக் குளியல் மண்டபம் வந்தது.

"வெறும் கல்லு! நட, நட!"

அவ்வளவுதான். கசில்தா வாசல் படியிலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டார். "கல்லைப் பாக்கத்தானே வந்தேன்."

பாதி மேட்டில் இன்னொரு பார். அங்கேயும் அதே கூத்து. "ஓடு!" என்றார் அவர். "இன்னொரு கிளாஸ்!" என்றார் இவர்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அம்பாரோ கடிகாரத்தைப் பார்த்தாள். இவர்கள் சண்டையில் அந்தம்மாவின் ஆசை மண்ணாகிவிடுமோ?

நல்லவேளை, ஆகவில்லை. முற்றத்துக்கு அவர்கள் வந்து சேரவும், கோட்டைச் சுவர் சிவக்கவும் சரியாக இருந்தது. கசில்தா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் ஈரம்.

அம்பாரோவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எவரிஸ்தோவை ஓரமாக அழைத்தாள்.

"சார், தப்பா நெனச்சாலும் பரவாயில்ல. வழி பூரா அவங்கள இப்படி விரட்டுனீங்களே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு? ஒரு இடத்துலயாவது 'கொஞ்சம் உக்காரு'ன்னு சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?"

எவரிஸ்தோ பதறிப்போய் மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசும்மா, காதுல விழுந்துடப் போகுது. அவளுக்கு இதயத்துல ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம்தான் ஆச்சு. மேடு ஏறினா அங்கங்க உக்காந்துதான் ஏறணும்னு டாக்டர் கண்டிச்சு சொல்லியிருக்கார். கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்னதை அவ ஒரு தடவகூடக் கேட்டதில்ல. 'உக்காரு'ன்னு மட்டும் நான் சொல்லியிருந்தா, இந்த மேட்டை அவ ஓடியே ஏறியிருப்பா!"