முதலில் செய்த டாக்டர்

"நல்லா இழுங்க" என்றார் டாக்டர், என் மூக்கின் மேல் விளக்கைத் திருப்பியபடி.

மூச்சை இழுத்தேன். வலப் பக்கம் ஒழுங்காக இருந்தது. இடப் பக்கம், கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது ஸ்ட்ரா சப்பிப்போகுமே, அப்படி உள்ளே ஒட்டிக்கொண்டது. கூடவே அந்த விசில்.

தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்பது என் வேலை. பாதிப் பேர் சொல்லவந்த புகாரை விட்டுவிட்டு, லைனில் ஏதோ விசில் அடிக்கிறது என்று தனியாக ஒரு புகார் கொடுப்பார்கள். லைன் மேல் பழியைப் போட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் யார் மேல் போடுவது? நான் விசிலடித்தால் பக்கத்து அறையில் அக்கா விழித்துக்கொள்வாள்.

கோணல் மூக்கை நேராக்கத்தான் முதல் தடவை அறுவை சிகிச்சைக்குப் படுத்தேன். மூக்கு நேரானது. மூச்சு கோணலாகிவிட்டது.

அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

இதற்கு முன் இரண்டு டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்ததுமே, எந்தக் கத்துக்குட்டியின் வேலை இது என்று சிரித்தார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். இன்னொருவர் கணினியில் என் முகத்துக்கு அழகழகான மூக்குகளாக ஒட்டிக் காட்டினார். அதில் மூச்சு வருமா என்று கேட்டதற்கு இன்னொரு மூக்கை ஒட்டிக் காட்டினார். அங்கிருந்து என்னை இழுத்துக்கொண்டு வந்தவள் அக்கா.

இந்த நரைத்த தலைக்காரரைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். மற்றவர்கள் செய்து கெட்டுப்போன மூக்குகளைச் சரிசெய்வதையே பெரும்பாலும் தொழிலாக வைத்திருப்பவர். இவர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், செய்கிறேன் என்றால் பயப்படாமல் படு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பயப்படாமல் எப்படிப் படுப்பது? முதல் தடவை அப்படித்தான் படுத்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. வேறு டாக்டரிடம் காட்டலாமா என்று பேச்சுக்குக்கூட யோசிக்கவில்லை. அந்தக் கையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அதற்கும் சேர்த்து இப்போது கேட்டுத் தள்ளினேன். இந்த மாதிரி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்து நின்றார்கள், நான் மயக்கத்தில் இருக்கும்போது கத்தியைப் பிடிக்கப்போவது நீங்களா, உங்கள் உதவியாளரா. மனிதர் முகம் சுளிக்கவில்லை. சரியாகாமல் போனவர்களைப் பற்றியும் தானாகவே சொன்னார். அதனால்தான் அவரை எனக்குப் பிடித்தது. பயம் கூடியதும் அதனால்தான்.

பிறகு பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு மூக்கின் நடுச்சுவரை மெல்ல அழுத்தினார். சரிந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமாம். அதற்குக் குருத்தெலும்பு வேண்டும். நடுச்சுவரில் மிச்சம் இருந்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மார்பைத் திறந்து விலாவிலிருந்து எடுக்க வேண்டும்.

"தொட்டுப் பார்த்தா பாதிதான் தெரியுது. முதல்ல செஞ்ச டாக்டர் யாரு? கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

கத்திக்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் காலையிலிருந்து கும்பிடாத தெய்வமில்லை.

முதலில் செய்தவர் வெளிநாடு போய்விட்டார், பெயர்கூடச் சரியாக நினைவில்லை என்றேன். முந்தைய இருவரிடமும் எடுபட்ட பொய்தான். இங்கே விசிலோடு சேர்ந்து வந்தது.

"மூக்குல கத்தி வெச்சவங்க பேரை யாராவது மறப்பாங்களாம்மா? நான் யார் மேலயும் குறை சொல்லப் போறதில்ல. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம ரெண்டாந்தடவை நான் கை வைக்கறதில்ல. மூக்கே உக்காந்துடும்."

மறுபடியும் மறந்துபோச்சு என்றேன்.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். இவரும் கைவிட்டால் போவதற்கு இன்னொரு கதவு கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆயுசு முழுக்க இப்படியே பாதி மூச்சோடு இருக்க வேண்டியதுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வாயைத் திறக்க மனம் வரவில்லை. போகட்டும் என்று எழுந்தேன்.

அக்கா என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"நடுச்சுவர்ல எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். மேல ஒரு பட்டை, முன்னால ஒரு பட்டை. அவ்வளவுதான் நான் விட்டு வெச்சேன்."

வேண்டாம் அக்கா என்பதுபோல் அவள் கையை அழுத்தினேன்.

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

"பட்டை எவ்வளவு அகலம் இருக்கும், டாக்டர்?"