தாசில்தாருக்குக் குடை

ஓர் ஆமைக்காக ஒருவன் குடை பிடித்து நிற்கும் நாளில், மனிதகுலம் தன் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிடலாம்.

இதை அவன் விடுதி அறையில், நாற்காலி மேல் ஏறி நின்று, ஏழு பேர் முன்னிலையில் அறிவித்தான். சிரிக்காமல்.

இப்போது அதே நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பேசினுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தீனி உருண்டை ஒன்றைப் போட்டான். அது ஆமைக்குட்டியின் தலையில் பட்டு, தண்ணீரில் விழுந்தது.

தாசில்தார் கண்ணைத் திறக்கவில்லை.

திமிர், என்று நினைத்தான்.

அந்தப் பெயரை வைத்தது அறைத்தோழன் ஆல்பின். யார் வந்து நின்றாலும் அசைய மாட்டார் என்பதால். பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. கன்னத்தில் சிவப்புக் கோடு.

அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது ஆல்பின் சொன்னது ஒன்றுதான்.

"லேய் மக்கா, காலைல ஒரு மணி நேரம் மொட்டை மாடில வெயில் காட்டிரு. பாதிக்குக் குடை புடி. பருந்து சுத்தும், பாத்துக்க."

ஆல்பின் தினமும் அதைத்தான் செய்வான். பேசினில் பாதி வெயில், பாதி குடை நிழல். தனக்கு முழு வெயில். அதற்காக வியாழக்கிழமைப் பூரியைக்கூட விட்டவன். நேரம் முடிந்ததும் குனிந்து, "போதுமா? உள்ள போவமா?" என்று கேட்பான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பான்.

அதை இவன் வீடியோ எடுத்து விடுதிக் குழுவில் போட்டிருந்தான். தலைப்பு, 'பட்டா மாறுதல் மனு'.

ஆல்பின் ஊருக்குப் போனபின் மொட்டை மாடிக்கு இவன் ஒரு நாளும் ஏறவில்லை. ஜன்னல் ஓரம் நல்ல வெயில் விழுகிறது. பேசினை அங்கே நகர்த்தினான். குரங்குத் தொல்லை என்பதால் கண்ணாடிக் கதவைச் சாத்தியே வைத்தான். வெயில் எங்கே விழுந்தாலும் வெயில்தானே.

மூன்று வாரம்.

முதலில் சாப்பாட்டை விட்டது. உண்ணாவிரதம் என்று குழுவில் அறிவித்தான்.

பிறகு கண்ணை மூடியே கிடந்தது. அலுவலக நேரத்தில் தூக்கம் என்று அறிவித்தான்.

இப்போது நீந்துகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து. படியில் கூட்டம் தொங்கும் டவுன் பஸ் போல.

அறிவிக்க ஒன்றும் தோன்றவில்லை.

கையில் எடுத்தான். இமை இரண்டும் ஊறிய உளுந்து போல வீங்கியிருந்தன. மூக்கில் ஒரு குமிழி. உடைந்தது. இன்னொன்று.

கோபம் வந்தது.

ஆல்பின் மேல். மூன்று வாரம் நடக்கிற கல்யாணம் எந்த ஊரில் இருக்கிறது?

இதைக் கண்ணாடிக் குடுவையில் போட்டுப் பொம்மை மாதிரி விற்ற வண்ணமீன் கடைக்காரர் மேல்.

ஆமை மேல். ஒரு நாய் என்றால் ஊளையிட்டிருக்கும். பூனை என்றால் கத்தித் தொலைத்திருக்கும். உயிர் போகிற விஷயத்தை இவ்வளவு மரியாதையாகவா சொல்வது?

கால்நடை மருத்துவமனையில் அவனுக்கு முன்னால் இரண்டு பசுக்கள், ஒரு சேவல். ஆமையைக் கொண்டுவந்த சோப்பு டப்பாவைத் திறந்தான். பசுவைப் பிடித்திருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவரை முறைத்தான். பசுவையும்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"வெயில் காட்டுனீங்களா தம்பி?"

"ஜன்னல் ஓரந்தான் மேடம் வச்சிருந்தேன். நல்ல வெயில்."

"ஜன்னல் தொறந்திருந்துச்சா?"

அவன் டப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தான்.

"கண்ணாடி வழியா வெளிச்சந்தான் வரும். இதுக்கு வேண்டியது வராது. என்ன படிக்கீங்க?"

"காமர்ஸ்."

உண்மையில் இயற்பியல். மூன்றாம் ஆண்டு. 'கண்ணாடி புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும்.' இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டும் வாங்கியிருந்தான்.

ஊசி போட்டார். கண்ணுக்கு மருந்து எழுதினார். தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும், வெதுவெதுப்பாக.

"காலைல வெளில வெயில், பாதி நிழல். பொழைக்குமான்னு என்னைக் கேக்காதீங்க. இன்னிக்கு உயிரோட இருக்கு."

கேட்கத்தான் வாயைத் திறந்திருந்தான். மூடிக்கொண்டான்.

சாயங்காலம் ஆல்பினுக்கு எல்லாவற்றையும் எழுதினான். ஜன்னல், கண்ணாடி, மூன்று வாரம். நான்கு தடவை அழித்து எழுதினான். அதில் ஒரு கிண்டல்கூட இல்லை.

நீல டிக் விழுந்தது.

பதில் வரவில்லை.

வியாழக்கிழமை காலை. மொட்டை மாடி.

துணி காயப்போட வந்த முதலாம் ஆண்டுக்காரர்கள் இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். ஒருவன் போனை உயர்த்தினான்.

"அண்ணே, மனிதகுலம் ராஜினாமா எழுதிக் குடுத்தாச்சா?"

"போங்கல அங்கிட்டு!"

கத்திய வேகத்தில் குடை ஆடியது. நிழல் விலகியது. சட்டென்று பழைய இடத்துக்கே கொண்டுவந்தான்.

மேலே ஒரு பருந்து வட்டமடித்தது. அதையும் முறைத்தான்.

கீழே மெஸ் மணி அடித்தது. பூரி எண்ணெயின் வாசம் மாடி வரை ஏறி வந்தது. அவர்கள் ஓடினார்கள்.

அவனுக்குப் பிடரி எரிந்தது.

ஒரு மணி நேரம் முடிந்தது. இன்னும் ஐந்து நிமிடம் நின்றான்.

திரும்பிப் பார்த்தான். படிக்கட்டில் யாரும் இல்லை.

குனிந்தான்.

"போதுமா?" என்றான். "உள்ள போவமா?"

தண்ணீர் அசையவில்லை.

குடையை மடக்காமல் காத்திருந்தான்.