ஒரு சொட்டுகூடத் தங்குவதில்லை

வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆலை மாமனாருடையது. குடியிருக்கும் வீட்டை விற்றாவது இரண்டாவது ஆலை கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் மனிதர். "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று மனைவி விரட்டியதால் மருமகன் வந்திருந்தார்.

"இந்த எண்ணெயை எல்லாம் யாருங்க வாங்குவாங்க?" என்று மேனேஜரிடம் இழுத்தார்.

"வாசல்ல பாருங்க மாப்பிள்ளை சார். ஒரு சொட்டுகூடத் தங்குறதில்ல."

எண்ணெய் நிரப்ப ரோடு முனைவரை லாரிகள் நின்றன. மருமகன் லாரிகளை எண்ணப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார். மாமனாரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே.

"அப்ப இன்னொரு ஆலை கட்டிடலாம்ங்கறீங்க?"

"கட்டித்தான் ஆகணும். இவங்களுக்கே பத்தல."

"அவ்வளவையும் ஊத்திக்கிட்டு எங்கதான் போறாங்க?"

"பக்கத்துல வைக்கோல் தீந்துபோச்சுல்ல சார்," என்றார் மேனேஜர் பெருமை குறையாமல். "தூரத்துலேர்ந்து நமக்கு வைக்கோல் ஏத்திட்டு வரத்தான்."