நான்கு இட்லி கூடுதல்

அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புக் கணக்குகள் ஊரில் அந்த நிமிடம் நடக்கும் வேலைகளிலிருந்து நேராக வகுப்புத் திரைக்கு வரும். பிள்ளைகள் அனுப்பும் விடைப்படிதான் அங்கே காரியம் நடக்கும். பிசகினால் யாராவது பட்டினி.

அன்று வந்தது வெள்ள முகாமின் கணக்கு: நூற்றிருபது பேர், ஆளுக்கு நான்கு இட்லி. முகாமின் இட்லி இயந்திரம் எத்தனை அவிக்க வேண்டும்?

ஜமீலா நானூற்று எண்பத்து நான்கு என்று அனுப்பிவிட்டாள்.

“மிச்சம் நாலும் அவளுக்குப் பார்சல், டீச்சர்!” என்று வகுப்பு சிரித்தது.

“ஏம்மா இப்படிப் பண்ணினே?” ரோசலின் டீச்சர் பதறிப்போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“பரிமாறுறவங்களும் சாப்பிடணும்ல, டீச்சர்?”

சற்று நேரத்தில், முகாமில் பரிமாறும் அம்மா தட்டோடு திரையில் வந்தார். “மூணு நாளா எல்லாருக்கும் போட்டுட்டு வெறும் டீதான் குடிச்சேன். எனக்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட தங்கம் யாரு?”

தப்புப் போடத் தூக்கிய கையால் ரோசலின் டீச்சர் தன் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.