எடைக்கு எடை

அவசரக்குடுக்கை குணாளன், குழாயை அசையாமல் நிறுத்தும் பூட்டு ஆணியைச் செருகாமலே தொலைநோக்கியின் அடியிலிருந்த கேமராவைக் கழற்றிவிட்டான். பல பல்கலைக்கழகங்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் தொலைநோக்கி அது; அடுத்த பல்கலைக்கழகத்தின் கேமராவை மாட்ட வேண்டிய நேரம். அடிப்பக்கம் எடை இழந்ததும் அந்தப் பெரிய குழாய் தலைகுப்புறச் சாய ஆரம்பித்தது. வானாய்வகப் பொறுப்பாளர் பிலோமினா பாய்ந்துபோய் அடிவளையத்தைப் பற்றித் தொங்கினாள். கால்கள் தரையைவிட்டு எழும்பின. குழாய் நின்றது.

“விட்டுறாதீங்க மேடம்!”

“விடுறதுக்கா பிடிச்சிருக்கேன்? சீக்கிரம் மாட்டித் தொலைடா!”

டாக்டர் குறைக்கச் சொல்லியிருந்த உடம்புதான் குழாய்க்குள் இருந்த கண்ணாடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. புதிய கேமரா ஏறியதும் அவள் கால்கள் பூப்போலத் தரையில் இறங்கின.

“இப்ப விடலாம் மேடம், நிக்குது.”

அவள் குளிர்ந்த வளையத்தில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

“இரு, முதல்ல அது என்னை விடட்டும்.”