ஊத்தியாச்சா?

“இன்னிக்கும் ஊத்தினார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்றாள் மாடி வீட்டுக்காரி.

குடியிருப்பின் செகரட்டரி அரை டம்ளர் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மீதியை முகத்தில் தடவிக்கொண்டார். அங்கே எல்லோர் வீட்டிலும் இப்போது அதுதான் குளியல்.

“யாரு?”

“கீழ் வீட்டு டெய்லர்தான். அவங்க ஜன்னலுக்குக் கீழ எலுமிச்சைச் செடி இருக்கே, அதுக்கு. சன்ஷேடு மறைக்கிறதால செடி தெரியலை. ஆனா பூவாளியைச் சாய்க்கிறது தெரியுது, சரசரன்னு சத்தமும் கேட்குது. தினமும் காலையில இதே கூத்துதான்.”

மழை அந்தப் பக்கம் தலைகாட்டி வருஷக்கணக்காகிறது. ஊருக்கு வெளியே இருந்த மணல் இப்போது காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வாரம் ஒரு லாரி தண்ணீர், வீட்டுக்கு ஒரு டிரம். செடிக்கு ஊற்றுகிறவர்களுக்கு அந்த வாரம் டிரம் கிடையாது என்று கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள். முடிவு செய்தது எல்லோரும். போய்ச் சொல்ல வேண்டியது மட்டும் செகரட்டரி.

“அவர் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்காங்களே...” என்று இழுத்தார்.

“அதனாலதானே எனக்கு வயிறு எரியுது. அந்தம்மாவோட துணியை அலசத் தண்ணி வேணாமா? அதைக் கொண்டுபோய் செடிக்கு ஊத்தறாரே, மனுஷனா அவர்? நாளைக்கு லாரி வருது. காலையில நீங்களே வந்து பாருங்க. பார்த்துட்டும் அவருக்கு டிரம்மை நிரப்பினீங்கன்னா, நானும் என் ரோஜாத் தொட்டிக்கு ஊத்துவேன். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது.”

மறுநாள் காலை செகரட்டரி பின்பக்கச் சுவர் ஓரமாக ஒளிந்து நின்றார். இந்த வயசில் இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

டெய்லர் பூவாளியோடு வந்து ஜன்னலுக்குக் கீழே குனிந்தார். சரசரவென்று சத்தம் கேட்டது.

செகரட்டரி ஓடிப்போய்ப் பூவாளியைப் பிடித்துக்கொண்டார். “கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க. இந்த வாரம் உங்களுக்கு டிரம் கிடையாது.”

“மெதுவா சார். உள்ள கேட்கும்.” டெய்லர் ஜன்னலைக் காட்டினார். மணலுக்குப் பயந்து அதில் தடித்த பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தது.

“கேட்கட்டும். உங்க லட்சணம் அவங்களுக்கும் தெரியட்டும்.”

இழுபறியில் பூவாளி சாய்ந்து செகரட்டரியின் கையில் கொட்டியது. கை நனையவில்லை.

மணல். மாவு மாதிரி சலித்து எடுத்த மணல். செடி இருந்த இடத்தில் ஒரு காய்ந்த குச்சி நின்றது. அதைச் சுற்றிச் சருகு பரப்பியிருந்தது.

“போன கோடையிலேயே பட்டுப்போச்சு சார்” என்றார் டெய்லர் தணிந்த குரலில். “அவ வெச்ச செடி. ‘அது பிழைச்சா நானும் பிழைச்சுக்குவேன்’னு விளையாட்டாச் சொன்னா. எனக்கு அது விளையாட்டாப் படலை. தினமும் ‘ஊத்தியாச்சா’ன்னு கேட்பா. சும்மா ‘ஆச்சு’ன்னு சொன்னா நம்புவாளா? சத்தம் கேட்கணுமே. சருகு மேல மணல் விழுந்தா தண்ணி மாதிரியே இருக்கும்.”

தெருவில் லாரி ஹாரன் அடித்தது. டெய்லர் செகரட்டரியின் முகத்தையே பார்த்தார்.

“போங்க, போய் டிரம்மை வைங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றார் செகரட்டரி.

“அதுவரைக்கும் அவகூடக் கொஞ்சம் இருங்க சார். தனியா இருந்தா பயப்படுவா.”

உள்ளே, ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அந்தம்மா படுத்திருந்தாள். செகரட்டரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“செகரட்டரிதானே? உங்க குரல் கேட்டுச்சு. அவரைத் தப்பா நினைக்காதீங்க. அவர் ஊத்தறது தண்ணி இல்லை, மணல்.”

செகரட்டரி திடுக்கிட்டார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்த ஜன்னல் சந்துல தினமும் என் தலகாணி வரைக்கும் மணல் வருது. நிஜமா தண்ணி ஊத்தினா ஈர மண் வாசனை மட்டும் வராமலா போகும்?”

“தெரிஞ்சுமா தினமும் ஊத்தியாச்சான்னு கேட்கறீங்க?”

“கேட்கிறதை நிறுத்தினா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சுடுவார். அப்புறம் அவர் உடைஞ்சுபோயிடுவாருங்க. நான் எழுந்து நடப்பேன்னு இன்னும் நம்பிட்டிருக்கிறது அவர் ஒருத்தர்தான்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. டெய்லர் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார். பின்னாலேயே மாடி வீட்டுக்காரி, டிரம் நிரம்பிய கதையை விசாரிக்க இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னங்க, செடிக்கு ஊத்தியாச்சா?” என்று கேட்டாள் அந்தம்மா.

டெய்லர் மாடி வீட்டுக்காரியைப் பார்த்தார்.

“ஊத்தினார்மா” என்றார் செகரட்டரி. “என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”